இயந்திரவியல் கணக்குகள்: ப்ளஸ் ஒன் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு, கோபி, பெருந்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ப்ளஸ் ஒன் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இயக்க விதிகள் பாடம் தொடங்கியதும் அதே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வர ஆரம்பித்துவிடும். பஸ் ஏறப்போகும்போது ஒருவன் கேட்பான், ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒருத்தி கேட்பாள், ஃபீஸ் கட்ட வந்த இடத்தில் ஓர் அப்பா கேட்பார். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் தடவை வரிசையாகப் படித்துவிடுங்கள், பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன. வேறு மாதிரி சொல்லாத இடங்களில் ஜி-யின் (புவியீர்ப்பு முடுக்கத்தின்) மதிப்பு 10 மீ/வி².

1. ஃபார்முலா எல்லாம் தலைகீழாச் சொல்லுவனுங்க சார். கணக்கைப் பார்த்தா மட்டும் எதைப் போடறதுன்னே தெரிய மாட்டேங்குது. ஏனுங்க?

ஃபார்முலாவைத் தேடிக்கொண்டே கணக்கைப் படிப்பதால்தான். பெட்டி நிறைய ஸ்பேனர் வைத்திருந்தாலும், எந்த நட்டு கழன்றிருக்கிறது என்று பார்க்காமல் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் வண்டி கிளம்பாது.

கணக்கைப் படித்ததும் மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள். எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்? அதன்மேல் எவையெல்லாம் விசை செலுத்துகின்றன? அது எந்தத் திசையில் முடுக்கம் அடைகிறது? இந்த மூன்றும் தெளிந்துவிட்டால் நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதுவது வெறும் எழுத்து வேலை. தெளியாமல் போட்டால், விசை நேரத்தோடு மாறுகிற கணக்கில்கூட ‘வி சமம் யூ கூட்டல் ஏடி’ என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த மூன்று இயக்கச் சமன்பாடுகளும் முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே செல்லும். விடைத்தாள்களில் நான் அதிகம் சுழிக்கிற தப்பு இதுதான்.

2. கணக்குல ரெண்டு நம்பர்தான் குடுத்திருக்காங்க. மூணாவது இல்லாம எப்படிங்க போடறது?

மூன்றாவது எண் வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும். ‘ஓய்வு நிலையிலிருந்து’ என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி. ‘வழுவழுப்பான தளம்’ என்றால் உராய்வு கிடையாது. ‘நீட்சியற்ற கயிறு’ என்றால் கயிற்றின் இரு முனையில் இருப்பவற்றுக்கும் முடுக்கத்தின் அளவு ஒன்றே. ‘நிறையற்ற, உராய்வற்ற கப்பி’ என்றால் கப்பியின் இரு பக்கமும் இழுவிசை ஒன்றே. ‘நழுவாமல் உருள்கிறது’ என்றால் திசைவேகம் என்பது ஆரமும் கோணத் திசைவேகமும் பெருக்கியது. ‘மாறாத திசைவேகத்தில்’ என்றால் நிகர விசை சுழி.

இந்தக் கடைசி ஒன்றைத்தான் பலரும் கோட்டை விடுவார்கள். ‘பெட்டியை மாறாத திசைவேகத்தில் இழுக்கிறார்கள்’ என்றால் பாதிக் கணக்கு அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட சொற்களின் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

3. படம் போடாம நேரா சமன்பாடு எழுதக் கூடாதுங்களா? நேரம் போகுதுங்க சார்.

எழுதலாம், உங்களுக்கு அந்தக் கணக்கு ஏற்கனவே தெரிந்திருந்தால். தெரியாத கணக்கில் படம் போட ஆகும் அரை நிமிடம், போடாமல் விட்டுத் தப்பு தேடும் ஐந்து நிமிடத்தைவிட மலிவு. படம் என்றால் லாரிக்குச் சக்கரம், கண்ணாடி எல்லாம் வேண்டாம். பொருளுக்கு ஒரு சின்னச் சதுரம், அதிலிருந்து கிளம்பும் அம்புகள், பக்கத்தில் முடுக்கத்துக்கு ஒரு தனி அம்பு. அவ்வளவுதான்.

4. விசைப்படத்துல எதையெல்லாம் போடோணும், எதை விடோணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் பூமி இழுக்கும் விசை, கீழ்நோக்கி எம்ஜி (நிறையும் ஜி-யும் பெருக்கியது). அப்புறம் உங்கள் பொருளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தில் எது பொருளைத் தொடுகிறதோ அது மட்டுமே விசை தர முடியும். தரை தொட்டால் தரைக்குச் செங்குத்தாக ஒரு விசை, தளம் வழுவழுப்பாக இல்லாவிட்டால் தரையை ஒட்டி ஓர் உராய்வு. கயிறு தொட்டால் பொருளிலிருந்து வெளியே இழுக்கும் இழுவிசை, சுருள்வில் தொட்டால் அதன் விசை, கை தொட்டால் கையின் விசை. ப்ளஸ் ஒன் இயந்திரவியலில் தொடாமல் விசை தருவது பூமி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஈர்ப்பியல் பாடத்தில் மற்றக் கோள்களும் வரும்.

ஒவ்வொரு அம்பையும் காட்டி ‘இதைத் தருவது யார்?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த அம்பை அழித்துவிடுங்கள். மேலே எறிந்த கல்லின் படத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டு ‘எறிந்த விசை’ என்று எழுதுகிறார்கள். யார் தருகிறார்கள்? கல் கையை விட்டுப் பத்தடி போய்விட்டது. கல்லுக்கு மேல்நோக்கித் திசைவேகம் இருக்கிறது, விசை இல்லை. காற்றுத்தடையை விட்டுவிட்டால் ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் எம்ஜி மட்டும்தான். அதேபோல எம்ஏ (நிறையும் முடுக்கமும் பெருக்கியது) என்று ஓர் அம்பும் போடாதீர்கள். அது எல்லா விசைகளும் சேர்ந்து உண்டாக்கும் விளைவு, சமன்பாட்டின் மறுபக்கத்தில் உட்கார வேண்டியது.

5. செங்குத்து விசைன்னா எப்பவும் எம்ஜிதானுங்களே?

பொருள் கிடைமட்டத் தரையில் சும்மா இருந்து, வேறு யாரும் மேலேயோ கீழேயோ தள்ளாமல் இருந்தால் மட்டும் எம்ஜி. மற்ற நேரங்களில் அதைக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் 20 கிலோ சிப்பம் ஒன்று தரையில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் 0.4. கயிறு கட்டி, தரைக்கு 30 டிகிரி மேல்நோக்கி 100 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். கயிற்றின் மேல்நோக்கிய கூறு 50 நியூட்டன், அந்த அளவுக்குத் தரையின் பாரம் குறைகிறது. ஆகவே செங்குத்து விசை 200 கழித்தல் 50, அதாவது 150. உராய்வு 60 நியூட்டன். கிடைமட்டக் கூறு 86.6. நிகர விசை 26.6, முடுக்கம் 1.33 மீ/வி². எம்ஜி என்றே போட்டவருக்கு உராய்வு 80 வரும், முடுக்கம் 0.33 வரும். சரியான விடையில் நாலில் ஒரு பங்கு. நீட்டில் இந்த 0.33-உம் ஒரு விடை விருப்பமாக அச்சாகி உங்களுக்காகக் காத்திருக்கும்.

அதே சிப்பத்தை அதே 100 நியூட்டனால் 30 டிகிரி கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள். செங்குத்து விசை 250 ஆகிறது, உராய்வு 100 வரை தாங்கும், நமக்கு முன்னோக்கிக் கிடைப்பதோ 86.6. சிப்பம் நகரவே நகராது. மண்டியில் ஆட்கள் மூட்டையைக் குனிந்து தள்ளாமல் கொக்கி போட்டு இழுப்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

6. அப்போ அந்த நகராத மூட்டைக்கு உராய்வு 100 நியூட்டன்தானுங்க?

இல்லை, 86.6. ஓய்வுநிலை உராய்வு கேட்ட அளவுக்கே கொடுக்கும். மியூ என், அதாவது உராய்வுக் குணகமும் செங்குத்து விசையும் பெருக்கியது, அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு. உராய்வு 100 என்றால் மூட்டை தள்ளியவரை நோக்கிப் பின்னால் வர வேண்டும், அப்படி எங்கும் நடப்பதில்லை.

ஆகவே உராய்வுக் கணக்கு என்றால் முதலில் ‘நகருமா?’ என்று பாருங்கள். தள்ளும் விசை உச்ச வரம்பைத் தாண்டினால் இயக்க உராய்வைப் போடுங்கள். தாண்டாவிட்டால் உராய்வு தள்ளும் விசைக்குச் சமம், முடுக்கம் சுழி.

7. சாய்தளத்துல சைனா காஸான்னு ஒவ்வொரு தடவையும் குழம்புதுங்க.

மனப்பாடம் செய்யாதீர்கள், சரிவைப் படுக்க வைத்துப் பாருங்கள். கோணம் சுழி என்றால் தளம் தட்டை. தட்டைத் தளத்தில் பொருள் தானாகச் சறுக்காது, எனவே தளத்தை ஒட்டிய கூறு சுழியாக வேண்டும். சைன் சுழியின் மதிப்புதான் சுழி. ஆகவே ஒட்டியது எம்ஜி சைன் தீட்டா, செங்குத்தானது எம்ஜி காஸ் தீட்டா. கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து அளக்காமல் செங்குத்திலிருந்து கொடுத்திருந்தால் இரண்டும் இடம் மாறும், இதே சோதனை அதையும் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் தாத்தாவைக் கேட்டால் கிணற்று மேட்டில் கவலை ஓட்டிய கதை சொல்வார். தண்ணீர்ச் சால் மேலே வரும்போது மாடுகள் சரிவில் இறங்கிக்கொண்டே கயிற்றை இழுக்கும். சமதரையில் இழுத்தால் மாட்டின் கால்கள் மட்டும் பாடுபட வேண்டும். சரிவில் மாட்டின் சொந்த எடையின் சைன் கூறும் கயிற்றோடு சேர்ந்து இழுக்கும். அந்த மாட்டுக்கு ஒரு விசைப்படம் போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி.

8. ஜி-க்கு 9.8 போடறதா, 10 போடறதா?

வினாவில் சொன்னதைப் போடுங்கள். சொல்லாவிட்டால் பள்ளித் தேர்வில் 9.8. நீட்டில் கால்குலேட்டர் கிடையாது, விருப்பங்களுக்கு இடையே இடைவெளி தாராளமாக இருந்தால் 10 போட்டு முடித்துவிடலாம்.

9. மேல போறதுக்குப் பிளஸ்ஸா மைனஸ்ஸா? புக்குல ஒண்ணு, சென்டர்ல ஒண்ணு சொல்றாங்க.

எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்ததைக் கணக்கு முடியும்வரை மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

நம்ம ஊர்த் திறந்தவெளிக் கிணறு ஒன்று, தண்ணீர் 15 மீட்டர் கீழே. விளிம்பில் நின்று ஒரு கல்லை 10 மீ/வி திசைவேகத்தில் மேலே எறிகிறோம், அது திரும்பிக் கிணற்றுக்குள் விழுகிறது. எவ்வளவு நேரம்? மேல்நோக்கியதை நேர்க்குறி என்று வைத்தால் தொடக்கத் திசைவேகம் +10, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −15. சமன்பாடு: −15 = 10 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். தீர்த்தால் 3 நொடி. ஏறுவது தனி, இறங்குவது தனி என்று இரண்டாகப் பிரித்தாலும் அதே 3 வரும். ஏற 1 நொடி, உச்சியிலிருந்து 20 மீட்டர் விழ 2 நொடி. பிரிக்கத் தேவையில்லை என்பதுதான் குறியை ஒழுங்காக வைப்பதன் லாபம். கல் கடந்த தூரம் 25 மீட்டர், ஆனால் சமன்பாட்டில் போவது இடப்பெயர்ச்சியான −15 மட்டுமே.

அந்தச் சமன்பாடு −1 நொடி என்று இன்னொரு விடையும் தரும். தள்ளிவிடுவோம், ஆனால் அது குப்பை இல்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து 20 மீ/வி திசைவேகத்தில் யாராவது எறிந்திருந்தால், நம் கல் கையை விட்ட நேரத்துக்குச் சரியாக 1 நொடி முன்னால் அதைக் கிளப்பியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

10. ஏனுங்க வாத்தியாரே, எம்பட பையன் கணக்குல நூத்துக்கு நூறு வாங்கறான். இதுல மட்டும் ஏனுங்க தடுமாறறான்?

கணக்குப் பாடத்தில் சமன்பாட்டைக் கையில் கொடுத்துத் தீர்க்கச் சொல்கிறார்கள். இங்கே ஒரு கதையைச் சொல்லிச் சமன்பாட்டை நீயே கட்டு என்கிறார்கள். தீர்ப்பதில் உங்கள் பையன் கெட்டிக்காரன், கட்டுவதில் பழக்கம் போதவில்லை.

வீட்டில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பத்துக் கணக்குகளுக்கு விடை காணாமல், விசைப்படமும் சமன்பாடும் மட்டும் எழுதி நிறுத்தட்டும். எண் போட்டு முடிப்பது அவனுக்கு ஏற்கனவே வரும் வேலை. தீர்த்துக் காட்டிய கணக்குகளைக் கதைப்புத்தகம் போலப் படிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், பரீட்சை ஹாலில்தான் தெரியும். விடையைத் தாளால் மூடிவிட்டு, மாட்டும்போது ஒரு வரி மட்டும் விலக்கிப் பார்க்கலாம்.

11. கப்பிக் கணக்குல இழுவிசை, பெரிய எடைக்குச் சமம்தானே? அதுதான தொங்குது?

அது வெறுமனே தொங்கினால் சமம். கீழே முடுக்கம் அடைந்தால் இழுவிசை அதன் எடையைவிடக் குறைவு, இல்லாவிட்டால் முடுக்கமே வராது. கப்பியின் ஒரு பக்கம் 3 கிலோ, மறு பக்கம் 2 கிலோ என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே அமைப்பாக எடுங்கள். இழுக்கும் வித்தியாசம் 10 நியூட்டன், நகரும் மொத்த நிறை 5 கிலோ, முடுக்கம் 2 மீ/வி². அப்புறம் ஒன்றை மட்டும் தனியாக எடுங்கள். 2 கிலோ மேலே போகிறது, எனவே இழுவிசை 20 கூட்டல் 4, ஆக 24 நியூட்டன். 20-க்கும் 30-க்கும் நடுவே விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே விழுந்தால் குறி எங்கோ புரண்டிருக்கிறது.

சேர்த்து எடுத்தால் உள்விசைகள் மறையும், முடுக்கம் சீக்கிரம் வரும். உள்விசையே கேள்வி என்றால் பிரித்தே ஆக வேண்டும். லாரியும் அது இழுக்கும் டிரெய்லரும் வரும் கணக்குக்கும் இதே வழிதான்.

12. எந்தக் கணக்குக்கு விசை முறை, எதுக்கு ஆற்றல் முறை, எதுக்கு உந்தம்? பார்த்தவுடனே எப்படிங்க தெரியும்?

கேள்வியில் என்ன இல்லை என்று பாருங்கள். நேரமும் முடுக்கமும் பேச்சிலேயே இல்லாமல் வேகம், உயரம், தூரம் மட்டும் வந்தால் ஆற்றல் முறை. பாதை வளைந்திருந்தாலோ, சுருள்வில் போல விசை மாறிக்கொண்டே இருந்தாலோ கட்டாயம் அதுதான். முடுக்கம், இழுவிசை, நேரம் கேட்டால் நியூட்டன் விதி. மோதல், வெடிப்பு, ஒட்டிக்கொள்வது, திடீர் இழுப்பு என்றால் உந்தம் (நிறையும் திசைவேகமும் பெருக்கியது).

தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது இரண்டு கட்டக் கணக்கு. கயிற்றில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டையில் 10 கிராம் குண்டு 400 மீ/வி வேகத்தில் புகுந்து தங்கிவிடுகிறது, கட்டை எவ்வளவு உயரம் போகும்? புகும் அந்தக் கணத்துக்கு உந்தம்: 0.01 × 400 = 4, மொத்த நிறை 2 கிலோ, வேகம் 2 மீ/வி. அதற்குப் பின்னால் ஆற்றல்: உயரம் 4 / 20 = 0.2 மீட்டர், அதாவது 20 செ.மீ. முதலிலிருந்தே ஆற்றல் மாறாது என்று போட்டால் குண்டின் 800 ஜூலும் கட்டையைத் தூக்கி, உயரம் 40 மீட்டர் என்று வரும். பொள்ளாச்சித் தென்னைகளுக்கும் மேலே! உண்மையில் மோதல் முடிந்ததும் இயக்க ஆற்றலாக மிஞ்சுவது 4 ஜூல்தான். மீதி 796 ஜூல் மரத்தைக் கிழிப்பதிலும் சூட்டிலும் போய்விடுகிறது. ஒட்டிக்கொள்ளும் மோதலில் இயக்க ஆற்றல் மாறாமல் இருக்காது என்பதை மறக்காதீர்கள், 17-ஆம் கேள்வியில் இதே விஷயம் வேறு வேஷத்தில் வரும்.

13. திம்பம் வளைவுல பஸ்ஸு திரும்பினா வெளிய தள்ளுதுங்களே. அப்போ மையவிலக்கு விசை இருக்குதா இல்லையா? படத்துல போடோணுமா?

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு, பஸ் உள்பக்கம் திரும்புகிறது, நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள். அவருடைய படத்தில் வெளிநோக்கி அம்பே கிடையாது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து படம் போட்டால் வெளிநோக்கி ஒரு போலி விசையைச் சேர்க்க வேண்டும், அப்போது நீங்கள் ஓய்வில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. எப்போதும் சாலையோரம் நின்றே போடுங்கள் என்பதுதான் என் யோசனை.

இன்னொன்று, மையநோக்கு விசை என்று தனியாக ஒரு விசை இல்லை. 4-ஆம் கேள்வியின் சோதனையை வையுங்கள்: யார் தருகிறார்கள்? சமதளச் சாலையில் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு தருகிறது. ஆரம் 20 மீட்டர், குணகம் 0.5 என்று வைத்தால் நழுவாமல் போகக்கூடிய வேகத்தின் வர்க்கம் 0.5 × 20 × 10 = 100, வேகம் 10 மீ/வி, அதாவது மணிக்கு 36 கி.மீ. நிறை அடிபட்டுப் போவதால் பைக்குக்கும் பஸ்ஸுக்கும் இதே வரம்பு. கரும்பு லாரி சாய்வது நழுவல் இல்லை, அது திருப்பு விசைக் கணக்கு.

14. சாய்தளத்துல செங்குத்து விசை எம்ஜி காஸ் தீட்டான்னு சொன்னீங்க. சரிவான வளைவுச் சாலையில எம்ஜியைக் காஸ் தீட்டாவால வகுக்கறாங்க. எதுங்க சரி?

இரண்டும் சரி. 1-ஆம் கேள்வியில் கேட்டேனே, எந்தத் திசையில் முடுக்கம்? சாய்தளத்தில் சறுக்கும் பொருள் சரிவை ஒட்டி முடுக்கம் அடைகிறது. தளத்துக்குச் செங்குத்தான திசையில் முடுக்கம் இல்லாததால் அங்கே விசைகள் சமன், செங்குத்து விசை எம்ஜி காஸ் தீட்டா.

வளைவில் திரும்பும் வண்டி கிடைமட்டமாக, வளைவின் மையம் நோக்கி முடுக்கம் அடைகிறது. மேலும் கீழும்தான் முடுக்கம் இல்லை. உராய்வை விட்டுவிட்டால் செங்குத்து விசையின் மேல்நோக்கிய கூறு எம்ஜிக்குச் சமம், எனவே செங்குத்து விசை எம்ஜி வகுத்தல் காஸ் தீட்டா. முதலாவதில் எடையைவிடக் குறைவு, இரண்டாவதில் அதிகம். அச்சு எப்போதும் முடுக்கத்தை ஒட்டியிருக்கட்டும், சாலையின் சாய்வைப் பார்த்து வைக்காதீர்கள்.

15. சுழற்சி இயக்கத்தை மட்டும் விட்டுடலாமுங்களா சார்? ஒண்ணுமே ஏற மாட்டேங்குது.

வேண்டாம். நீட்டில் கேட்பது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதிரிகளின் சுற்றுதான். நழுவாமல் சரிவில் உருளும் திண்மக் கோளம், வட்டத்தட்டு, வளையம் மூன்றில் எது முதலில் வரும் என்பது ஒன்று. முடுக்கம் முறையே ஜி சைன் தீட்டாவில் ஏழில் ஐந்து பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, பாதி. கோளம் முதலில், வளையம் கடைசியில். நிறையும் ஆரமும் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. நழுவாமல் உருளும்போது அந்தச் சரிவின் உராய்வு செய்யும் வேலை சுழி, எனவே 12-இல் சொன்ன ஆற்றல் முறை தாராளமாகச் செல்லும்.

இன்னொன்று சுவரில் சாய்த்த ஏணி. திருப்பு விசையை எந்தப் புள்ளியைப் பற்றி எடுப்பது என்பதே இதில் பாதி வேலை. தெரியாத விசைகள் அதிகம் கூடும் புள்ளியை எடுங்கள், அவை எல்லாம் காணாமல் போகும். 200 நியூட்டன் எடையுள்ள சீரான ஏணி, வழுவழுப்பான சுவர், தரையோடு 45 டிகிரி. அடிமுனையைப் பற்றி எடுத்தால் தரையின் இரண்டு விசைகளும் கழன்றுகொள்ளும். சுவரின் விசை 100 நியூட்டன் என்று ஒரே வரியில் வரும். அடிமுனை உராய்வும் அதே 100.

16. விடை வந்துருச்சு. சரியான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? போர்டுக்கும் நீட்டுக்கும் வேற மாதிரி எழுதோணுமா?

அலகைப் பாருங்கள், எல்லை நிலையைப் பாருங்கள், அளவைப் பாருங்கள். எல்லை நிலை என்பது 7-இல் சரிவைப் படுக்க வைத்தது போல. கப்பியில் இரு நிறையும் சமமானால் முடுக்கம் சுழியாகிறதா? ஆகாத விருப்பங்களைக் கணக்கே போடாமல் அடித்துவிடலாம். அளவுக்கு நம்ம ஊர் உதாரணம், 5 எச்பி மோட்டார். ஒரு எச்பி 746 வாட், ஆக 3,730 வாட். 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு லிட்டர் தூக்க 300 ஜூல். நொடிக்குச் சுமார் 12.4 லிட்டர், இழப்பு எதுவும் இல்லாவிட்டால். தசமப்புள்ளி நழுவி 1,240 லிட்டர் என்று வந்தால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பத்தே நொடியில் நிரம்பிவிடும். தோட்டத்தில் மோட்டார் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை அதை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாமா?

பள்ளித் தேர்வின் 70 மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா உண்டு, பெரும்பாலும் கணக்காகவே வரும். அங்கே சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்று படிகளாக எழுதுங்கள். விடை தப்பினாலும் படிக்கு மதிப்பெண் கிடைக்கும். நீட் இப்போதைய முறையில் 180 நிமிடத்துக்கு 180 வினா, அதில் இயற்பியல் 45. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. இரண்டு விருப்பத்தை உறுதியாக அடித்துவிட்டால் மிச்ச இரண்டில் ஒன்றைக் குறிப்பது லாபம்தான், சராசரியாக வினாவுக்கு 1.5. தமிழில் எழுதுபவர்கள் தயங்க வேண்டாம், ஆனால் வரி புரியாவிட்டால் பக்கத்திலுள்ள ஆங்கில வரியையும் பாருங்கள். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது தேர்வு விதி.

17. ஒரே கணக்கை விசை முறையில போட்டா ஒரு விடை, ஆற்றல் முறையில போட்டா அதுல பாதி வருதுங்க. ரெண்டும் சரியாத்தான போட்டேன்?

இப்படிக் கேட்பவர் நன்றாகப் படிக்கிறார் என்று அர்த்தம். கல் உடைக்கும் கிரஷரில் கன்வேயர் பெல்ட் 2 மீ/வி வேகத்தில் ஓடுகிறது. மேலிருந்து நொடிக்கு 5 கிலோ ஜல்லி அதன்மேல் கொட்டுகிறது. பெல்ட்டை அதே வேகத்தில் ஓட்ட மோட்டாருக்குக் கூடுதலாக எவ்வளவு திறன் வேண்டும்?

உந்த வழி: நொடிக்கு 5 கிலோவுக்கு 2 மீ/வி கொடுக்க வேண்டும், விசை 10 நியூட்டன், திறன் 10 × 2 = 20 வாட். ஆற்றல் வழி: நொடிக்குச் சேரும் இயக்க ஆற்றல் அரை × 5 × 4 = 10 வாட். சரியான விடை 20. கொட்டிய ஜல்லி உடனே பெல்ட்டின் வேகத்தைப் பிடிப்பதில்லை, கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டே வருகிறது. அந்த வழுக்கலில் மீதி 10 வாட் சூடாகிறது. 12-ஆம் கேள்வியின் குண்டும் கட்டையும் போலத்தான், ஒட்டிக்கொள்ளும் இடத்தில் இயக்க ஆற்றல் கணக்கு மட்டும் போதாது. பெல்ட்டின் உராய்வுக் குணகம் எவ்வளவாக இருந்தாலும் இழப்பு சரிபாதியாகவே வரும். குணகம் கூடினால் வழுக்கும் நேரம் குறையும், ஒவ்வொரு கல்லின் மேலும் உராய்வு விசை கூடும், இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். பெல்ட்டின் வேகத்தை 4 மீ/வி ஆக்கினால் மோட்டார் கூடுதலாகத் தர வேண்டியது 80 வாட், அதில் சூடாவது 40.